ரயிலில் பாடிய கொடுமுடிக் குயில்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திரைப்பட நடிகை ஒருவரைப் பற்றிப் பேச ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். உரிமை உண்டு. கே. பி. சுந்தராம்பாளின் முதல் மேடை ரயில் பெட்டியே ஆகும்.

1908ஆம் ஆண்டு கொடுமுடியில் பிறந்த அவர், வறுமையின் காரணமாகச் சிறுமியாய் இருந்தபோதே ரயிலில் பாடிப் பிழைத்தார். அக்குரலைக் கேட்டு அவரை நாடக மேடைக்கு வழிப்படுத்தியவர் எஃப். ஜி. நடேசய்யர் என்பது வழங்கிவரும் செய்தி. அவரும் நம் இலாகாக்காரர்தாம். திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்துகொண்டே நாடகம் வளர்த்தவர். இன்றும் பெட்டிதோறும் சிறுவர் பாடி வருகின்றனர். நாம் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறோம்.

நாடகத்தின் பொருட்டு இலங்கை சென்றவிடத்தில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். 1927இல் இருவரும் மணந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி உண்டு. மேடையில் இருந்த இசைவு இல்லத்தில் நிலைக்கவில்லை. மனத்தாங்கலும் பிரிவும் நேர்ந்தன. 1933இல் கிட்டப்பா காலமானபோது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து.

அன்று முதல் வெள்ளைச் சேலை. ஆடவருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்ற விரதம். இத்தகைய விரதம் பூண்டவருக்குத் திரையுலகில் இடமேது? ஆனால் நடந்தது வேறு. ‘நந்தனார்’ படத்தில் நடிக்க அழைத்தவரைத் தட்டிக்கழிக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவரோ அதற்கும் இசைந்துவிட்டார் என்றும் சொல்வர். 1935இல் வெளிவந்த அப்படத்தில் அம்மையாரே நந்தனார். வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். விரதமும் கெடவில்லை, குரலும் முடங்கவில்லை. கைம்பெண்ணை மூலையில் அமர்த்திய காலம் அது என்பதை நம் வீட்டுப் பாட்டிமார் அறிவர்.

தேசிய இயக்க மேடைகளிலும் பாடியவர், 1951இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள், 1965இல் ‘திருவிளையாடல்’. எல்லாம் துறவும் முதுமையும் கொண்ட வேடங்கள். காதற்காட்சி ஒன்றுமின்றியே கொட்டகைகள் நிறைந்தன. 1969ஆம் ஆண்டின் ‘துணைவன்’ படப்பாடலுக்காகத் தேசிய விருது பெற்றபோது அறுபதைக் கடந்திருந்தார். 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார்.

நம் காலனிக் குழந்தைகள் பலர் அக்குரலைக் கேட்டதில்லை. அடுத்த பொங்கலுக்குச் சங்கக் கூடத்தில் ‘ஔவையார்’ படத்தைத் திரையிடுமாறு செயற்குழுவினரை வேண்டிக்கொள்கிறோம். நாற்காலிகளுக்கு நாம் பொறுப்பு.