பையைக் காக்கவா பாட்டி?

(தொலைக்காட்சி அரங்கில் இடம்பெற்ற உரை)



பள்ளி விடுமுறையில் ஒரு குடும்பம் ஜொகூர் பாரு விலங்குத் தோட்டத்துக்குப் போவதாக வைத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பிள்ளைகள், கூடவே பாட்டி. உள்ளே நுழைந்ததும் என்ன நடக்கிறது? "அம்மா, நீங்க இங்கேயே நிழல்ல உட்காருங்க, பையைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மகன் நடையைக் கட்டுகிறார். பிள்ளைகள் முன்னால் ஓடுகிறார்கள். பாட்டிக்குக் கிடைப்பது ஒரு பெஞ்சும் நான்கு பைகளும்தான்.

அன்போடுதான் உட்கார வைக்கிறார்கள். வெயில் கடுமை, பாட்டிக்கு முழங்கால் வலி. ஆனால், அந்தக் கூட்டத்திலேயே விலங்கைப் பற்றிச் சொல்ல அதிக விஷயம் வைத்திருப்பவர் யார்? அந்தப் பாட்டிதானே!

இந்த விலங்குத் தோட்டத்தின் கதையைக் கேளுங்கள். 1928ஆம் ஆண்டு சுல்தான் இப்ராகிம் இதை அமைத்தார். அவர் புலி வேட்டைக்குப் பேர் போனவர். முதலில் இது அரச குடும்பத்தின் சொந்தத் தோட்டமாக இருந்தது. 1962இல் மாநில அரசின் கைக்கு வந்து, பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சீரமைப்புக்காக மூடப்பட்டு, 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெரிய இடமில்லை. வயதானவர்கள் மெதுவாக நடந்தே பார்த்துவிடலாம்.

இப்போது பாட்டியின் கதைக்கு வருவோம். அவர் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் என்று வையுங்கள். விடியும் முன்பே எழுந்து, பெரட்டுக்குப் போய், இருட்டில் பால்மரம் வெட்டியவர். அந்த நாளில் புலி என்பது படத்தில் பார்க்கும் விலங்கல்ல. காட்டோர நிரையில் காலடித் தடம் கண்டால் அன்றைய வேலையே கலங்கிப் போகும். மலாய்க் கிராமத்தார் காட்டில் புலியின் பெயரைச் சொல்ல அஞ்சி, 'தோக் பெலாங்', அதாவது வரித் தாத்தா என்பார்கள்.

அப்படிப்பட்ட பாட்டியைக் கைப்பிடித்துப் புலியின் முன்னால் நிறுத்துங்கள். "பாட்டி, புலி ஏன் தூங்கிக்கிட்டே இருக்கு?" என்று பேரன் கேட்பான். "வெயில் நேரத்துல அது அப்படித்தான் கிடக்கும் சாமி. இருட்டினா பார், அதோட நடையே வேற" என்று தொடங்கி, லயத்து வீடு, காண்டா வாளி, தலை விளக்கு என்று பேச்சு எங்கெங்கோ போகும். எந்த அறிவிப்புப் பலகையில் இது எழுதியிருக்கிறது?

நேயர்களே, இதில் அவசரமும் இருக்கிறது. 1950களில் மலாயாக் காடுகளில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் தெரிய வந்தது என்ன? 150க்கும் குறைவு! சுமத்ரா காண்டாமிருகத்தின் கதி அதைவிட மோசம். மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசிக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. காடு சுருங்கியது ஒரு காரணம். கண்ணிவைத்துத் திருட்டு வேட்டையாடுவது இன்னொரு காரணம்.

புலியைப் போலத்தான் அந்தத் தோட்ட வாழ்க்கையும். ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன. புலிக்காவது கணக்கெடுப்பு நடக்கிறது. பாட்டியின் நினைவில் உள்ளதை யார் எடுத்து வைக்கிறார்கள்?

ஆகவே, அடுத்த முறை போகும்போது சில காரியங்களைச் செய்யுங்கள். வெயில் ஏறும் முன் காலையிலேயே போய்விடுங்கள். பைகளைக் குறையுங்கள். குடிக்கத் தண்ணீர், பாட்டிக்கு ஒரு குடை, வேளைக்கு மாத்திரை, இவை போதும். எல்லாக் கூண்டையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். ஐந்து விலங்கை நின்று பார்த்தாலே நிறைவு. பாட்டி களைத்தால் எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுப்பது போதும் என்று தோன்றும்போது, பாட்டி பேசுவதைப் பதிவு செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வொரு விலங்கின் முன்னாலும் அவர்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "பாட்டி, இதை நீங்க காட்டுல பார்த்திருக்கீங்களா?"

பாட்டி 'இல்லை' என்றும் சொல்லலாம். பரவாயில்லை. ஆனால், தன்னிடம் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பையை மகன் தூக்கட்டும். பாட்டி பேரனின் கையைப் பிடித்து நடக்கட்டும்.