கடைசியாக நம் கைபட்ட இடம்



எங்கள் தந்தை விட்டுச்சென்ற பழைய புல்லட் ஒன்று வீட்டில் உள்ளது. 1955-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக நம் சாலைகளில் ஓடும் வண்டி அது. 346 சி.சி. கொள்ளளவு, ஒரே சிலிண்டர், வார்ப்பிரும்பு பீப்பாய். பழைய வண்டியாதலால் ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான வேலைகளை வீட்டுத் திண்ணையிலேயே செய்துவிடலாம். அந்தத் துணிச்சல்தான் அண்ணன் தம்பி எங்கள் இருவருக்கும் ஒரு பாடம் கற்றுத் தந்தது.

தந்தையின் முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. வண்டியைக் கழுவினோம். மெழுகு பாலிஷ் போட்டு, பெட்ரோல் டேங்கையும் அதன் மூடியையும் முகம் தெரியும்படி பளபளப்பாக்கினோம். அதற்கு அடுத்த வாரம் ஒரு கோளாறு தலைகாட்டியது. பத்து கிலோமீட்டர் நன்றாக ஓடும். பிறகு திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் மீண்டும் ஓடும்.

சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு முதிய மெக்கானிக் அதற்குப் புதிய பிஸ்டன் போட்டிருந்தார். தந்தையின் காலத்திலிருந்து அந்த வண்டியைப் பார்த்து வருபவர் அவர். சூடேறினால் நிற்கிறது என்றால் பிஸ்டன் பிடிக்கிறது என்று நாங்களே முடிவு செய்தோம். அவருடைய கடைக்குப் போய், வேறு வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே, “போலிச் சாமான் போட்டு ஏமாத்திட்டீங்க” என்றோம். அவர் கோபப்படவில்லை. “டேங்க் மூடியத் தெறந்து பாத்தீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். பெட்ரோல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கத் தெரியாதவர்களா நாங்கள் என்று மனத்தாங்கலோடு திரும்பி வந்துவிட்டோம்.

பிறகு நாங்களே களத்தில் இறங்கினோம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். கரி படியாமல், எண்ணெய் ஈரமில்லாமல் இளம் பழுப்பாக இருந்தது. எஞ்சின் நலமாக எரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். எங்களுக்கோ அது போதவில்லை. பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட்டைச் சரிபார்த்தோம்: கம்பி விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. கார்புரேட்டரைக் கழுவினோம். எதிலும் குறையில்லை. கடைசியில் சிலிண்டர் ஹெட்டையே திறந்தோம்.

உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. பிஸ்டனும் சிலிண்டர் சுவரும் கண்ணாடிபோல் இருந்தன. அந்தப் பெரியவரின் கைவேலைக்கு எஞ்சினே சாட்சி சொன்னது. அப்போதும் எங்கள் மனம் இறங்கவில்லை. புது கேஸ்கெட் வாங்கி மூடினோம். மறுநாள் திண்டுக்கல் சாலையில் வண்டி அதேபோல் நின்றது. வேறு வழி தெரியாமல் டேங்க் மூடியைத் திறந்தோம். “உஸ்” என்று காற்று உள்ளே போனது. கிக்கரை மிதித்தோம், ஒரே உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நேயர்களே, டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காகவே மூடியில் ஓர் ஊசித்துளை இருக்கிறது. அது அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், பெட்ரோல் இறங்காது, கார்புரேட்டர் காயும், எஞ்சின் நிற்கும். சற்று நேரம் நிறுத்தினால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும். வண்டி மீண்டும் ஓடும். அந்தத் துளையை அடைத்தது எது? நாங்கள் போட்ட மெழுகு பாலிஷ். மெல்லிய கம்பியால் குத்திவிட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வண்டி வேலை செய்பவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கோளாறு வந்தால் கடைசியாகக் கைபட்ட இடத்தை முதலில் பார்ப்பார்கள். வெளியே இருக்கும் சிறியவற்றைப் பார்த்த பிறகே எஞ்சினைத் திறப்பார்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். எங்கள் கைபட்ட இடத்தை விட்டுவிட்டு, அடுத்தவர் கைபட்ட இடத்தைத் திறந்தோம்.

குடும்பத்திலும் நாம் அடிக்கடி செய்வது இதுதானே? பிள்ளை பேசாமல் இருக்கிறான் என்றால் அவன் நண்பர்களைக் குறை சொல்கிறோம். நேற்று நாம் சொன்ன சொல்லை நினைத்துப் பார்ப்பதில்லை. உறவு ஒன்று திணறி நின்றால், பழைய கணக்கையெல்லாம் பிரித்துப் போடுகிறோம். மூச்சுவிட ஒரு சிறு துளை போதும் என்பதை மறந்துவிடுகிறோம்.

நாங்கள் மீண்டும் அந்தக் கடைக்குப் போனோம். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகலாம் என்று தம்பி சொன்னான். பழி சொன்னது நாலு பேர் முன்னால். மன்னிப்பை மட்டும் தனியாகக் கேட்பது நியாயமில்லை என்று மாலைக் கூட்டத்திலேயே போனோம். தவறு எங்களுடையது என்று எல்லாரும் கேட்கச் சொன்னோம். பெரியவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, “வண்டி ஓடுதா தம்பி?” என்றார். “ஓடுதுங்கய்யா” என்றோம். “அப்பா வண்டி... ஓடட்டும்” என்றார். அதற்குமேல் எங்களால் பேச முடியவில்லை.

அன்பார்ந்தவர்களே, நாமும் யாரையேனும் அவசரத்தில் பழித்திருக்கலாம். இந்த வாரத்தில் அவர்களுடைய வாசலுக்குப் போவோம். போகுமுன், கடைசியாக நம் கைபட்ட இடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். அதற்கான துணிவை இறைவன் நமக்குத் தருவாராக.