அக்கா ஓட்டிய கவலை, தம்பி கடைந்த பருப்பு



கொங்கு நாட்டில் கவலை ஓட்டியவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். இரண்டு மாடும் வாரியில் இறங்கினால், கிணற்றிலிருந்து சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். இறங்கும்போது வடத்தின் மேல் ஓர் ஆள் உட்கார வேண்டும். மாட்டுக்குப் பாரம் குறையும். 1970-களில் எங்கள் தோட்டத்தில் அந்த ஆள் நான்தான்.

என் தம்பிக்கு மாடு என்றாலே நடுக்கம். மயிலைக் காளை தும்மினால் போதும், சமையல்கட்டுக்கு ஓடி அப்பத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வான். போனவன் சும்மா இருக்கவில்லை. பத்து வயதிலேயே கொள்ளுப் பருப்புக் கடையப் பழகிவிட்டான்.

"பொண்ணு மாடு ஓட்டுது, பையன் பருப்புக் கடையறான். இந்த வீடு உருப்படுமா?" என்று ஊரார் கேட்டார்கள்.

"தோட்டம் நனைஞ்சுதா, பருப்பு ருசியா இருக்குதா, அதைப் பாருங்க" என்பார் அப்பா.

1990-ல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "பாடத் தெரியுமா அம்மிணி?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்.

"தெரியுமுங்க. எதிர்ல ஒரு ஜோடி மாடு இருந்தாத்தான் பாட்டு வருமுங்க" என்றேன். கவலைப் பாட்டுப் பாடிப் பழகிய வாய் அல்லவா? அப்போது எதிரே உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளையும் அவர் அண்ணனும். நல்லவேளை, மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். கல்யாணமும் நடந்தது.

அவர் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. ஏர் பிடித்தவர் இல்லை. நடுராத்திரியில் மும்முனைக் கரண்ட் வந்தால் மோட்டார் போட நான் போவேன். திரும்பி வருவதற்குள் அவர் காபி போட்டு வைத்திருப்பார். எங்கள் மகள் ஃபியூஸ் போடுவாள். மகன் ரசம் வைப்பான்.

சிரிப்பு இருக்கட்டும். 1992-ல் தோட்டம் பாகம் பிரிக்க உட்கார்ந்தோம். "கட்டிக் குடுத்த பொண்ணுக்குக் காடு எதுக்கு?" என்றார்கள் பங்காளிகள். தம்பி சொன்னான்: "அக்கா இறைச்ச தண்ணியில வெளைஞ்சதைத் தின்னுதானே நான் வளந்தேன்? எனக்கு வர்ற பங்கு அக்காவுக்கும் வரோணும்." சட்டமும் அதையே சொல்லியது. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் திருத்தம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு மட்டும் அது இல்லை. அவர்களுக்கும் 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் உரிமை கொடுத்தது.

பிறகு ஒரு வருஷம் அவர் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். பட்டா என் பெயரில் இருந்ததால் என் கையெழுத்துக்குப் பயிர்க்கடன் கிடைத்தது. அடுப்பு அணையவில்லை.

ஆகவே, பாகப் பத்திரம் பதிந்த கையோடு மகள் பெயருக்குப் பட்டா மாறுதலும் செய்துவிடுங்கள். பையன் பருப்புக் கடைந்தால் தடுக்காதீர்கள். இலையைப் போட்டு உட்காருங்கள்.