குப்பை என்னும் சொல்



குப்பை என்னும் தமிழ்ச்சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. பழந்தமிழில் அது குவியலைக் குறித்தது. உப்பின் குவியலும் நெல்லின் குவியலும் குப்பையே. இன்று நாம் பெரிதும் அறிந்த பொருள் கழிவு. மூன்றாம் பொருள் எரு. தொழுவத்துச் சாணமும் வைக்கோலும் மட்கியபின் வயலில் இடுவதைத் தமிழ்நாட்டு உழவர் 'குப்பை அடித்தல்' என்பர். கழிவைக் குவித்தால் எருவாகும் என்னும் அறிவு இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. திருக்குறளின் உழவு அதிகாரமும் உழுவதைக் காட்டிலும் எருவிடுவதையே மேலாகக் கருதுகிறது.

சிங்கப்பூரில் வாழும் நாம் கழிவு என்னும் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் இழந்து வருகிறோம். அடுக்குமாடி வீட்டில் சிறு கதவைத் திறந்து பையைப் போட்டால் அது கண்ணைவிட்டு மறைந்துவிடுகிறது. ஆனால் நாட்டைவிட்டு மறைவதில்லை. எரிஆலையில் எரிந்து சாம்பலாகி, 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் நிலநிரப்பிடத்தைச் சென்றடைகிறது. நம் நாட்டில் எஞ்சியுள்ள ஒரே நிலநிரப்பிடமான அது 2035ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. 2023இல் இங்கே சேர்ந்த உணவுக் கழிவு ஏறத்தாழ 755,000 டன். அதில் மறுபயன்பாட்டுக்குச் சென்றது 18 விழுக்காடு மட்டுமே. நீர் மிகுந்த காய்கறித் தோலை எரிப்பது, வெப்பத்தைச் செலவிட்டு நல்ல எருவை அழிப்பதற்கு ஒப்பாகும்.

நம் மண்ணோ எருவுக்கு ஏங்கும் மண். ஆண்டெல்லாம் பெய்யும் கனமழை அதன் சத்தை அரித்துச் செல்கிறது. மட்கிய உரம் களிமண்ணைப் பொலபொலப்பாக்கும். நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். மண்புழுவுக்கும் நுண்ணுயிர்க்கும் உணவாகும்.

இதைச் செய்யும் முறை எளிது. காய்ந்த இலை இரண்டு பங்கு, பச்சைக் கழிவு ஒரு பங்கு எனப் பரப்புக. பிழிந்த துணியின் ஈரம் போதும். காற்றுப் புக வாரம் ஒருமுறை கிளறுக. கறி, மீன், எண்ணெய் கலந்த சோறு ஆகியவற்றைச் சேர்த்தால் எலி வரும், அவற்றைத் தவிர்க்க. குவியல் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் இருந்தால் நுண்ணுயிர்களின் உழைப்பால் உள்வெப்பம் 55 பாகை செல்சியசைத் தாண்டும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் மடியும். மூன்று மாத அளவில் மண்மணம் வீசும் உரம் கிடைக்கும்.

இங்கேதான் குவியல் என்னும் பழம்பொருள் நமக்கு வழிகாட்டுகிறது. ஒரு வீட்டின் வாழைப்பழத்தோல் குவியலாகாது. பல வீடுகள் சேர்ந்தால்தான் குவியல். அதற்கான இடமும் நம்மிடம் உண்டு. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் இன்று 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உள்ளன. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் காய்ந்த இலையைத் தருகின்றன.

லிட்டில் இந்தியாவைவிடப் பொருத்தமான இடம் வேறேது? பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் அங்கிருந்த மாட்டுக் கொட்டில்களை இன்றும் நினைவூட்டுகின்றன. தேக்காச் சந்தையின் கீரைத்தண்டும், மாலைக் கடைகளில் வாடிய மல்லிகையும், கோயில் பூக்களும், பொங்கல் கழிந்தபின் எஞ்சும் கரும்புச் சக்கையும் உயர்ந்த எருப்பொருள்கள். மாலையின் நாரை, அது செயற்கை இழையாயின், நீக்கிவிட்டால் போதும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தாரிடம் சென்று, அங்கே எருக்குவியல் உண்டா என்று கேளுங்கள். உண்டெனில் வாரம் ஒரு பை காய்கறிக் கழிவைக் கொண்டு சேருங்கள். இல்லையெனில் தொடங்குவதற்குத் துணை நில்லுங்கள். உடன் வரும் பிள்ளைகளிடம் அக்குவியலைக் காட்டி, இதற்கும் தமிழில் குப்பை என்றே பெயர் என்று சொல்லுங்கள்.