கையில் மிஞ்சும் சீட்டு



காணாமல் போன வளர்ப்பு மகளைத் தேடி ஒருவன் அலைகிறான். நாடு முழுக்கப் போர். அந்தப் பெண்ணைத் துரத்திக்கொண்டு ஒரு பேய்ப்படை வேறு வருகிறது. இவன் வழியில் தென்பட்ட சத்திரத்துக்குள் நுழைந்து, அவளைக் கண்டீர்களா என்று விசாரிக்கிறான். பதில் கிடைத்த கையோடு சத்திரக்காரனிடம் அடுத்த கேள்வி கேட்கிறான்: "ஒரு கை சீட்டுப் போடலாமா?"

மகளைத் தேடுகிறவன் செய்கிற காரியமா இது என்று கேட்பீர்கள். உலகம் முழுவதும் இதைக் கேட்டுச் சிரித்தாயிற்று. ஏனென்றால் அந்தச் சத்திரத்தில் அவனை உட்கார வைத்ததே நாம்தான். 'தி விட்சர் 3' என்ற வீடியோ கேமின் நாயகன் கெரால்ட் அவன். போலந்தின் வார்சா நகரில் இருக்கும் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட விளையாட்டு. நாயகனாக நாமே மாறி, எங்கே போவது, யாரிடம் பேசுவது, யாரோடு மோதுவது என்று நாமே முடிவெடுக்கும் ரகம். மகள் காத்திருக்கட்டும் என்று சீட்டாட உட்கார்ந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள்.

அந்தச் சீட்டாட்டத்தின் பெயர் குவென்ட். மூலக்கதையை எழுதியவர் ஆன்ட்ரே சப்கோவ்ஸ்கி. அவருடைய நாவலில் குள்ளர்கள் ஆடும் ஆட்டமாகப் பேச்சோடு பேச்சாக வந்து போகும். விளையாட்டைச் செய்தவர்கள்தான் அதற்கு விதிகளைக் கட்டி, சீட்டுக்குச் சீட்டு ஓவியம் வரைந்து, ஊர் ஊராகச் சத்திரங்களில் ஆட ஆள் வைத்தார்கள். பொழுதுபோக்குக்கு நடுவில் ஒரு பொழுதுபோக்கு. அது எவ்வளவு பிடித்துப்போனது என்றால், 2018இல் குவென்டை மட்டும் தனி விளையாட்டாகவே வெளியிட்டார்கள்.

இன்றைய பேச்சு இந்த ஆட்டத்தில் ஜெயிப்பது எப்படி என்பதைப் பற்றி. சாயர்புரத்துக்காரன் ஒருவன் வானொலியில் பேசுகிற பேச்சா இது என்று ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். போப் ஐயர் பள்ளி நடத்திய ஊர் இது. சீட்டுக்கட்டை வீட்டுக்குள் விடாத குடும்பங்கள் நிறைய. அந்தப் போப் ஐயர்தான் 1886இல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதில் சூது என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஜெயித்தாலும் அதை விரும்பாதே என்பது வள்ளுவர் கட்சி. காசு வைத்து ஆடுவதைப் பற்றி எனக்கும் அதே கட்சிதான். குவென்டில் வைக்கும் பந்தயமோ கதைக்குள் செல்லும் நாணயம், அதிலும் சொற்பம். நம் சட்டைப்பைக்கு அதனால் சேதமில்லை.

குவென்டுக்குப் போகுமுன் நமக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழர் வீடுகளில் முன்னூத்தி நாலு என்று ஓர் ஆட்டம் உண்டு. அதை ஆடத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு கட்சி. ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 32. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. ராஜாவை விட ஜாக்கிக்குப் பத்து மடங்கு மதிப்பு வைத்த மகானுபாவன் யாரோ, அவனுக்கு அரண்மனையில் ஏதோ கசப்பு இருந்திருக்க வேண்டும்.

முதலில் ஆளுக்கு நாலு சீட்டுதான் கைக்கு வரும். அதைப் பார்த்தே இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்க வேண்டும். கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மீதி நாலு. பழைய முத்து ஏலம் மாதிரிதான் இது. மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்கு முந்தைய காலங்களில் சிப்பிகளை ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். ஒரு சிப்பியும் திறந்திருக்காது. முன்கூட்டி எடுத்துப் பார்த்த மாதிரிச் சிப்பிகளின் மதிப்பை மனதில் வைத்து, மூடிய குவியலுக்கு விலை கேட்பார்கள் வியாபாரிகள். நாலு சீட்டில் நூத்தி அறுபது கேட்கிறவருடைய நெஞ்சும் அப்படித்தான் அடித்துக்கொள்ளும். அவருக்குத் தேவைப்படுவது துணிச்சல். குவென்ட் கேட்பது அடக்கம். அது எப்படி என்று பார்ப்போம்.

இருவர் ஆட்டம். ஆளுக்குப் பத்துச் சீட்டு. பிடிக்காத இரண்டை மட்டும் தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். மூன்று சுற்றில் இரண்டை வென்றவர் ஜெயித்தவர். ஒவ்வொரு சீட்டும் ஒரு போர்வீரன். வாள்காரர்களுக்கு ஒரு வரிசை, வில்காரர்களுக்கு ஒரு வரிசை, கோட்டை இடிக்கும் பொறிகளுக்கு ஒரு வரிசை. சீட்டில் ஓர் எண் இருக்கும், அதுதான் அவன் பலம். மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். போதும் என்று தோன்றினால் 'பாஸ்' சொல்லலாம். சொன்னபின் அந்தச் சுற்றில் நாம் கைவைக்க முடியாது. எதிராளி விரும்பியவரை இறக்கிக்கொண்டே போகலாம். இருவரும் நிறுத்தியதும் கூட்டிப் பார்த்து, தொகை அதிகம் உள்ளவருக்குச் சுற்று.

சூட்சுமம் எங்கே என்றால், அடுத்த சுற்றுக்குப் புதிதாகச் சீட்டுப் போட மாட்டார்கள். அந்தப் பத்துதான் மூன்று சுற்றுக்கும். இறக்கிய சீட்டு போனது போனதுதான்.

புதிதாக ஆடுகிறவர் முதல் சுற்றிலேயே இருக்கிற வீரர்களையெல்லாம் இறக்கி, 80க்கு 30 என்று ஜெயித்துவிட்டு மீசையை முறுக்குவார். கையில் பார்த்தால் இரண்டு சீட்டு. எதிராளியிடம் ஆறு. அடுத்த இரண்டு சுற்றும் யாருக்கு என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றாலும் ஒரே புள்ளியில் வென்றாலும் சுற்று ஒன்றுதான். மீதி நாற்பத்தொன்பது புள்ளியும் வீண்செலவு. ஆகவே குவென்டில் எண்ண வேண்டியது தரையில் கிடக்கும் புள்ளியை அல்ல, கையில் மிஞ்சும் சீட்டை. எதிராளி நம்மை விட இரண்டு மூன்று சீட்டு அதிகமாகச் செலவழித்து முதல் சுற்றை எடுக்கிறானா, சந்தோஷமாகக் கொடுத்துவிடலாம். எதிராளியாக ஆடும் கணினியோ பல நேரம் இந்த வலையில் தானாக வந்து விழும். நாம் பாஸ் சொன்ன பிறகும் தேவையில்லாமல் ஆள் இறக்கிக்கொண்டிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒற்றன் சீட்டு. அதை நம் பக்கம் வைக்க முடியாது, எதிராளியின் வரிசையில்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதன் பலம் அவன் கணக்கில் ஏறும். பதிலுக்கு நம் கட்டிலிருந்து இரண்டு சீட்டு நமக்கு வரும். வடநாட்டுப் படை என்ற கட்டில் இப்படி மூன்று ஒற்றர்கள் உண்டு: தேலர், டைக்ஸ்ட்ரா, இளவரசன் ஸ்டெனிஸ். பலம் முறையே 1, 4, 5. மூவரும் கையில் வந்துவிட்டால் முதல் சுற்றில் மூவரையும் அனுப்பிவிட்டுப் பாஸ் சொல்லிவிடுவேன். எதிராளிக்குப் பத்துப் புள்ளி தானம். நம் கையிலோ பத்துக்குப் பதில் பதின்மூன்று. அவன் பங்குக்கு மூன்று இறக்கியிருந்தால் அவனிடம் ஏழு. எதிராளி நம்மிடம் ஒற்றனை அனுப்பினால் அதற்கும் மருந்து இருக்கிறது. பொம்மைச் சீட்டு என்று ஒன்றை அந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒற்றனைக் கையில் எடுத்து அவனிடமே திருப்பி அனுப்பலாம். இரட்டை வேலைக்காரன் எந்த ஊரிலும் நமக்கும் வேலை செய்வான்.

பனி, மூடுபனி, மழை என்று வானிலைச் சீட்டுகள் மூன்று. பனி விழுந்தால் வாள்காரர் அத்தனை பேரின் பலமும் ஒன்றாகிவிடும், நம்முடையவர்களுக்கும் சேர்த்து. மாவீரர் சீட்டுகளை மட்டும் எதுவும் தொடாது. எரிக்கிற சீட்டு ஒன்றும் இருக்கிறது. தரையில் இருப்பதில் அதிக பலமுள்ளதைச் சாம்பலாக்கும். அது யார் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் இறக்கி, தன் தளபதியைத் தானே கொளுத்தியவர்கள் ஏராளம்.

முன்னூத்தி நாலில் கட்டு பொது. குவென்டில் அவரவர் கட்டை அவரவர்தான் சேர்க்க வேண்டும். ஆகவே பாதி வெற்றி உட்காருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. குறைந்தது 22 வீரர் சீட்டு வேண்டும் என்பது விதி. சம்பாதித்ததையெல்லாம் உள்ளே திணித்து நாற்பதாக்குகிறவர்கள் கெட்டார்கள். கட்டு பெருக்கப் பெருக்க நல்ல சீட்டு கைக்கு வரும் வாய்ப்பு குறையும். 22க்கு மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், அது ஏற்கெனவே உள்ள எதையாவது விட நன்றாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பழையதை வெளியே எடுத்துவிடலாமே. தொடக்கத்தில் தருகிற கட்டு சுமார் ரகம்தான். முதல் ஊரின் சத்திரக்காரியிடம் விற்பனைக்கு இருக்கும் சீட்டுகளை வாங்கிவிட்டு, சில்லறை வியாபாரிகளோடு ஆடிச் சேர்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு பெரிய ஆட்டக்காரர்களிடம் போவது நல்லது.

ஆடுவதற்கு முன் விளையாட்டைச் சேமித்துவைத்து, தோற்றால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய், ஜெயிக்கும்வரை ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். விதியில் தடையில்லை. எனக்கு உடன்பாடும் இல்லை. தோல்வியை அழித்துவிட்டு ஆடினால், பாஸ் சொல்லும் நேரம் எது என்று விரலுக்குப் படியவே படியாது. முன்னூத்தி நாலு மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சியிடம், "நான் கேட்டதை மறந்திருங்க, மறுபடி போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், கட்டு முகத்தில் வந்து விழும். அந்த அண்ணாச்சி நம் முகத்தையும் படிப்பார். புருவம் உயர்ந்தால் துருப்பு எங்கே இருக்கிறதென்று கண்டுகொள்வார். கணினிக்கு நம் முகம் தெரியாது. இது சலுகை என்பார்கள். ஆட்டத்தில் பாதிச் சுவை அதனாலேயே போகிறது என்பது என் கட்சி.

1967இல் ஆந்திர அரசு தொடுத்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும். மூணு சீட்டைப் போல முழுக்க அதிர்ஷ்டம் அல்ல ரம்மி. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற திறமை வேண்டும் என்றது தீர்ப்பு. அந்த வாதம் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் இழுபட்டது. இணையச் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டம் எதுவும் கூடாது என்றுவிட்டது. குவென்டுக்கு இந்த வழக்குகள் எதிலும் இடமில்லை. ஆனால் வைத்துக்கொள்வதும் கழிப்பதுமே திறமை என்று நீதிபதிகள் சொன்னதற்கு, குவென்டை விடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கதைக்குள் சீட்டாட்டம் வைக்கும் வழக்கம் குவென்டோடு தொடங்கியதும் அல்ல. 1999இல் ஜப்பானிலிருந்து வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 8' விளையாட்டில் டிரிபிள் டிரையட் என்று ஒன்று இருந்தது. ஒன்பது கட்டத்தில் ஆளுக்கு ஐந்து சீட்டு. அதில் வட்டாரத்துக்கு வட்டாரம் விதி மாறும். ஓரிடத்தில் ஆடிவிட்டு அடுத்த இடத்தில் ஆட உட்கார்ந்தால் பழைய வட்டாரத்தின் விதியும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். கையில் உள்ள ஐந்தையும் நாமே தேர்ந்தெடுக்க விடாமல் குலுக்கித் தரும் விதி ஒன்று பரவிவிட்டால், நல்ல சீட்டு சேர்த்தவன் பாடு திண்டாட்டம். அங்கே ஜெயிக்கிறவன் சீட்டை விட விதியைக் கவனிக்கிறவன்.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் சாதாரணச் சீட்டுக்கட்டிலேயே இந்தப் பாஸ் வித்தையைப் பழகிப் பார்க்கலாம். இது நான் ஒட்டுப்போட்ட விதி, குற்றம் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இருவர் ஆட்டம், ஆளுக்குப் பத்து, இரண்டை மாற்றிக்கொள்ளலாம், மீதிக் கட்டு நடுவில் கவிழ்ந்து கிடக்கட்டும். இரண்டு முதல் பத்து வரை எண்ணே மதிப்பு. ராஜா, ராணி இரண்டுக்கும் பத்து. ஜாக்கிதான் ஒற்றன்: எதிராளி பக்கம் வைக்க வேண்டும், அவருக்கு ஐந்து ஏறும், நடுக்கட்டிலிருந்து இரண்டு சீட்டு உங்களுக்கு. ஆசு எரிக்கும்: தரையில் மதிப்பு அதிகமான சீட்டு வெளியே போகும், அதே மதிப்பில் பல இருந்தால் அத்தனையும் போகும், உங்களுடையது உட்பட. மூன்று சுற்று, இடையில் புதுச் சீட்டு கிடையாது. தொகை சமமாக வந்துவிட்டால் அந்தச் சுற்று இருவருக்குமே தோல்வி, குவென்டிலும் பொதுவாக அப்படித்தான்.