நாசில் தரையோட ஒட்டக்கூடாது
ஒரு அடி தள்ளியிருக்கிற மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம். காத்தை உறிஞ்சி அணைக்க முடியாது. ஊதுற காத்து ஒரே திசையில போகும், உறிஞ்சும்போது எல்லாப் பக்கமும் இருந்து வரும். வேக்குவம் கிளீனர் நாசில் டிசைன் பண்ற எனக்கு முதல் தலைவலியே இதுதான். வாய் தரைக்குக் கிட்ட இருக்கணும். சரி, ஒட்டியே வெச்சுட்டா? மோட்டார் கீச்சுன்னு கத்தும், காத்து ஓடாது. தூசியைத் தூக்கிட்டுப் போறது அந்த ஓட்டம்தானே! அதனால முன்விளிம்பில் சின்ன வெட்டு விடுவோம். பெருசா விட்டா வேகம் போச்சு. விடலேன்னா சிந்தின பொரியைத் தள்ளிக்கிட்டே போகும். 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் 900 வாட் வரம்பு வெச்சதும், மோட்டாரைப் பெருசாக்கித் தப்பிக்கிற வழியும் அங்கே அடைபட்டுச்சு. கடைக்காரர் வாட் சொல்லுவார். நீங்க நாசிலைத் திருப்பி அந்த வெட்டைத் தேடுங்க.