ஆட்டுக்குக் குழை வேணும்

(விரியில் நடந்த எமது சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பால் ஆடு வளர்ப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். கவிதை வாசிக்கச் சொல்லாமல் விட்டதற்கு முதலில் நன்றி.

யாழ்ப்பாணத்தில் எங்கட கொட்டிலில் எப்பவும் இரண்டு மறி ஆடு நிற்கும். பூவரசங்குழை, கிளிசரியா, பலா இலை வெட்டி உயரத்தில் கட்டிவிட்டால் எட்டி எட்டித் தின்னும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, அம்மா செய்த கடைசி வேலை அதுகளின் கயிற்றை அவிழ்த்து விட்டதுதான். அதுகளுக்கு என்ன நடந்தது எண்டு இண்டைக்கும் தெரியாது.

அந்த ஆசையில்தான் இஞ்ச கிளீவ்டன் பக்கம் நண்பர் ஒருவரின் காணியில் இரண்டு சானன் மறி வாங்கி விட்டேன். வெள்ளை வெளேரென்ற ஆடுகள். முழங்காலளவு பச்சைப் புல்லு நிண்டது. ஆட்டுக்கு இதைவிட என்ன வேணும் எண்டு நினைத்தேன். அடுத்த கோடையில் புல்லு நிலத்தோடு ஒட்டிப்போச்சு. அந்த மாசியில் ஒண்டு சாப்பாட்டைக் குறைத்தது. தாடைக்குக் கீழே வீக்கம். ஏதோ குத்திப்போட்டுது எண்டு நான் விட்டுவிட்டேன். நாலாம் நாள் செத்துப்போச்சு.

பிறகுதான் மிருக வைத்தியர் விளங்கப்படுத்தினார். வயிற்றில் இருந்து இரத்தம் குடிக்கிற புழு. அதின் குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அடிப்பக்கம், நிலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்ளதான் இருக்கும். எங்கட ஊர் ஆடு மேலே பார்த்துக் குழை தின்றது. இஞ்ச நான் அதை ஈரநிலத்தில் அடிப்புல் கரும்ப விட்டேன். பிழை ஆட்டில இல்லை.

இப்ப கிழமைக்கு ஒருக்கால் கண்மடலை விரித்துப் பார்க்கிறேன். உட்புறம் சிவப்பாயிருந்தால் நல்லது, வெளிறினால் உடனே வைத்தியர். செம்மறிக்குக் கொடுக்கும் புழு மருந்தின் அளவு ஆட்டுக்குப் போதாது, அதை அவரிடமே கேளுங்கோ. பலகைத் தளம் போட்ட கொட்டில், கூரையோட. நனைந்த மண்ணில் நிண்டால் குளம்பு அழுகும். ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருக்கால் குளம்பு வெட்ட வேணும். வில்லோ, பொப்லர் கிளைகளை வெட்டி உயரத்தில் கட்டுகிறேன், அம்மா கட்டின மாதிரியே. வைகாட்டோவில் பெரிய பால் ஆட்டுப் பண்ணைகள் பலவற்றிலும் ஆட்டைக் கொட்டிலில் வைத்துப் புல்லை வெட்டிக் கொண்டுவந்துதான் போடுகிறார்கள். அங்க 1984இல் தொடங்கிய பால் ஆட்டுக் கூட்டுறவுச் சங்கம் குழந்தைப் பால்மா செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. நாங்கள் ஊரில் செய்ததை ஆரும் பழசு எண்டு சொல்ல வேண்டாம்!

ஒண்டு கவனம்: அலரியும் ரொடொடென்ட்ரனும் ஆட்டுக்கு நஞ்சு. அயலவர் வேலிக்கு மேலால எறியிற கொப்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

விரி வீட்டு வளவில ஒரு ஆடு கட்டலாமோ எண்டு ஒரு தங்கச்சி கேட்டா. கவுன்சிலைக் கேளாமல் கட்டாதேங்கோ. அதோட, ஒற்றை ஆடு துணை தேடிக் கத்திக்கொண்டே நிற்கும். அயலுக்கு நித்திரை இராது. குறைஞ்சது இரண்டு வேணும். பாலைக் காய்ச்சிக் குடியுங்கோ. காய்ச்சாத பாலை விற்கிறதெண்டால் 2016 தொடக்கம் பதிவு வேணும்.

செத்ததுக்குப் பதிலா இன்னொரு மறி வாங்கிவிட்டேன். சித்திரை இஞ்ச இலையுதிர்காலம், கிடாய்க்கு விடுகிற பருவம். சினைக்காலம் 150 நாள். இந்தக் கிழமை விட்டால் ஆவணி முடிவில் குட்டி. பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள்ள குட்டி கடும்புப் பால் குடிக்க வேணும், அதுதான் அதுக்கு நோய் எதிர்ப்பு. அந்த இரவுகளில் எனக்கு ஆள் தேவை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கம்பூட்ஸ் மறக்க வேண்டாம், அங்க சேறு.